முள்வாங்கி

“ரெண்டும் ஒண்ணுதான் தமீம், நான் சொல்றதக் கொஞ்சம்—”

“ஒண்ணு இல்லக்கா, இன்னொரு தரம் போட்டு—”

“எத்தன தரம் போட்டுக் கேக்கறது? ‘சாப்பிட்டியா’ன்னு ஒரு ஆளு கேக்கறாரு. அடுத்த ஃபைல்லயும் அதே ஆளு, அதே ‘சாப்பிட்டியா’. எதுக்கு ரெண்டு? ஒண்ண அழிச்சுட்டேன். இதுக்குப் போயி—”

“அழிச்சதாலதான் சோதனை பூராவும் தோத்துச் சிவப்பா நிக்கிது! ரெண்டும் வேறக்கா. அந்த ரெண்டாவது—”

“நான் பேசறப்பப் பேசாதேன்னு சொல்லியிருக்கேனா இல்லியா? ஒரு நேரத்துல ஒரு குரல்தான் என்ற காதுல உளுகும். உன்ற காதும் அப்படித்தான? தெரிஞ்சுட்டே ஏன் மேல மேல ஏறிப் பேசற? அழிச்சது தப்புன்னா திருப்பிப் போடறேன், அதுக்கு ஒரு நிமிசம் ஆகாது. ஆனா ஒரே சத்தத்த ரெண்டு தடவை வெச்சிருந்த மனுசன்—”

“அக்கா, அவருக்கு மொதல்ல காப்பி போட்டுக் குடுத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

வசந்தாமணி திரும்பினாள். வாசலில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் கிரைண்டர் கல் அரைத்த தூசி. பின்னால், வீட்டை ஒட்டியிருந்த அவர் பட்டறையின் பையன்கள் இரண்டு பேர்.

“ஏனுங்க, எதாச்சும் சொன்னீங்களா? நான் பேசிட்டு இருந்தேன், கேக்கலீங்க.”

சென்னியப்பன் மீசைக்குள் சிரித்தபடி மறுபடியும் சொன்னார்.

“இல்லீங்க அம்மிணி, ஊரு சனத்துக்கெல்லாம் காது செஞ்சு குடுத்து முடிச்சுட்டீங்கன்னா, ஊட்டுக்காரனுக்கு ஒரு வாய் காப்பி கெடைக்குமுங்களான்னு கேட்டேன்.”

பையன்கள் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்தாள். அவர் எப்போதும் இப்படித்தான். கோயமுத்தூரில்கூடக் கட்டின பெண்டாட்டியை வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று தன் மகள் நிவேதாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நிவேதா பதில் சொல்ல மாட்டாள். பெங்களூருக்குப் போன பிறகு ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள்.

பால் பொங்கி வரும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

காப்பி என்று அவர் முதல் முறை கேட்டபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. அவர் இரண்டாவது முறை கேட்பதற்கு முன்னாலேயே தமீம் காப்பி போடச் சொல்லிவிட்டான்.

அவள் பேச்சுக்கு அடியில், அறையின் மறுகோடியில், ஓர் ஆள் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கிறது. ‘தோடு’ போட்ட காதுக்கு அது கேட்காது. கேட்கவே கேட்காது.

அடுப்பை அணைத்தாள்.

தோடு என்பது அவளும் தமீமும் பார்த்துக்கொள்ளும் கணினி நிரலின் பெயர். காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிக்குள் ஓடுவது. வெளிச் சத்தத்தை வாங்கி, மண்டைக்குள் பதித்த கம்பிக்கு அனுப்புவது. அந்தச் செயற்கைக் காதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி மூடுவிழா நடத்தியபோது, நிரலை ஊருக்குப் பொதுவாகத் திறந்துவிட்டுப் போனது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பராமரிக்கலாம். யார் வேண்டுமானாலும் என்றால் நடைமுறையில் யாரும் இல்லை என்றுதான் ஆகும். மனுவேல் என்று ஒருத்தர் மட்டும் எடுத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, நன்றியும் அதிகம் கிடையாது. வருஷக்கணக்காக ஒற்றை ஆளாகப் பார்த்தார். ஒரு நாள் பதில் போடுவதை நிறுத்தினார். அதற்கப்புறம் ஆளே இல்லை.

புது மாடல் போன்கள் வந்தன. பழைய காதுகள் அவற்றோடு பேசத் திணறின. எங்கெங்கோ ஆட்கள் காலையில் எழுந்து, கருவியை மாட்டி, வெறும் இரைச்சலைக் கேட்டார்கள். வசந்தாமணிக்கும் அப்படி ஒரு வாரம் போனது. கல்லூரி நாளில் மூளைக்காய்ச்சலில் போன காது, கல்யாணத்துக்குப் பிறகு கருவி வைத்துத் திரும்ப வந்த காது, மறுபடியும் போனால் தாங்காது என்று உட்கார்ந்தாள். பம்பு செட்டு கம்பெனியில் கணக்கு மென்பொருள் பார்த்த அனுபவம் மட்டும்தான். முதலில் உதவிப் பக்கத்தில் எழுத்துப் பிழை திருத்தினாள். அப்புறம் மனுவேல் யார் யாரோடோ போட்ட பழைய சண்டைகளையெல்லாம் உட்கார்ந்து படித்தாள். ஒரு வரியைத் தொட்டு, எங்கே என்ன சரிகிறது என்று பார்த்து, திருப்பி வைத்தாள். புரியாத வரியை அழிக்கக்கூடாது என்பதை இரண்டு முறை அழித்த பிறகு கற்றுக்கொண்டாள்.

தமீம் அப்புறம் வந்தவன். மேலப்பாளையம். நானும் தோடு போட்டவன்தான் அக்கா என்று சொல்லிக்கொண்டு வந்தான். கேமரா மட்டும் போட மாட்டான்.

மனுவேல் முகப்புப் பக்கத்தில் ஒரே ஒரு சட்டம் எழுதிவைத்திருந்தார். ‘முதலில் உன் காது.’ எந்த மாற்றமானாலும், அதை ஊருக்கு அனுப்புகிறவர் தன் காதில் போட்டு, தன் வீட்டுச் சத்தத்தில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ‘என் காதில் கேட்டேன்’ என்று எழுதினால்தான் அது மற்ற காதுகளுக்குப் போகும். காது இல்லாதவன் கையெழுத்துப் போட முடியாது.

புதுக் காது விற்கும் கம்பெனிகள் இப்படி அநாதையாகக் கிடக்கும் நிரல்களுக்குள் ஆள் விடுகின்றன என்று ஒரு பேச்சு உலவியது. பழைய காது கெட்டால்தானே புதுக் காது விற்கும்.

காப்பியைச் சென்னியப்பனிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“தமீம், கேமராவப் போடு.”

“இங்க நெட்டு சரியில்லக்கா.”

“என்கூட இத்தன நேரம் சண்டை போட்ட நெட்டுதான? போடு.”

திரையில் ஒரு முகம் வந்தது. முப்பது வயசு இருக்கும். பின்னால் சுவர் நிறைய மொபைல் உறைகள் தொங்கின.

“தலையத் திருப்பு. அந்தப் பக்கம். இப்ப இந்தப் பக்கம்.”

இரண்டு காதும் வெறுமையாக இருந்தன. கருவியும் இல்லை, தழும்பும் இல்லை.

“எந்தக் கம்பெனி?”

“அக்கா—”

“எந்தக் கம்பெனி அனுப்புச்சுன்னு கேட்டேன். நான் கூப்புட்டுக் கூப்புட்டுச் சொல்லிக் குடுத்தேனே, இந்த ஃபைல் எதுக்கு, அந்த ஃபைல் எதுக்குன்னு. சிரிச்சிருப்ப.”

“கம்பெனி இல்லக்கா. என் லாத்தா.”

“என்ன?”

“என் அக்கா. ஹைருன்னிசா. அவதான் தோடு போட்டவ. போன வருசம் பஸ் ஸ்டாண்டுல பின்னால எடுத்த பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா. கண்டக்டர் கத்தினான். நானும் கத்தினேன், மொத்த பஸ் ஸ்டாண்டும் கத்திச்சி. அவ சிரிச்சிக்கிட்டே திரும்பிப் பாத்தாக்கா. யாரோ தெரிஞ்சவங்க கூப்பிடுதாங்கங்கிற மாதிரி. ஒரு கால் போயிட்டு.”

வசந்தாமணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“ஆஸ்பத்திரியில வச்சிக் கேட்டேன், ஏம்ளா ஓடலன்னு. அவ சொன்னா, ‘யாரும் கத்தலியே தமீம், மெதுவாத்தான கூப்பிட்டீங்க.’ அதுக்கப்புறம்தான் இதுக்குள்ள வந்தேன். நான் மொபைல் கடைக்காரன். ப்ரோகிராம்லாம் உங்ககூட உக்காந்து படிச்சதுதான்.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“காது இல்லாதவன உள்ள விட மாட்டீங்கன்னு பயந்தேன்.”

“இப்ப மட்டும் நான் எப்படி நம்பறது? காலு போன கதை யாரு வேணும்னாலும் சொல்லலாம்.”

“நம்பாதீங்க. கண்ண நம்புங்க. அந்த ரெண்டு ஃபைலையும் படமாப் போட்டுப் பாருங்க.”

அழித்ததை மீட்டு, இரண்டையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைய வைத்தாள். முதல் ‘சாப்பிட்டியா’ மடித்து வைத்த வேட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. இரண்டாவது வேலிமுள் மாதிரி இருந்தது. மறுபடி கேட்டாள். காது ஒன்று என்றது. கண் இரண்டு என்றது.

அந்த இரண்டாவது ஃபைலை எந்த இடம் பயன்படுத்துகிறது என்று நிரலுக்குள் தேடிக்கொண்டு போனார்கள். யாரும் தொடாத ஒரு மூலை. அதற்கு மனுவேல் வைத்திருந்த பெயர் ‘முள்வாங்கி’.

“அப்படின்னா என்னக்கா?”

“காலுல முள்ளு குத்துனா எடுக்கறதுக்கு இடுக்கி மாதிரி ஒண்ணு இருக்கும். அரைஞாண்ல கோத்து வெச்சிருப்பாங்க. என்ற தாத்தன்கிட்ட இருந்துச்சு.”

“இது எந்த முள்ள எடுக்குது?”

வரி வரியாகப் படித்தாள். அந்த மூலை, காதுக்கு வரும் ஒவ்வொரு மனிதக் குரலையும் பிடித்து அளக்கிறது. கோபம் எவ்வளவு, ஏளனம் எவ்வளவு, வெறுப்பு எவ்வளவு. அளந்து முடித்த பிறகுதான் குரல் காதுக்குள் போகிறது.

“இவன் யாரு தமீம்? என்ற மண்டைக்குள்ள உக்காந்துட்டு, யாரு யாரு என்கிட்ட எப்படிப் பேசறாங்கன்னு அளந்துட்டு இருக்கான். யாரு அளக்கச் சொன்னா? அளந்தத எங்க அனுப்பறான்?”

“அதத்தான் நானும் கேக்கேன். எடுத்து வீசிருவோம்.”

“நீ அவசரப்படற. அவசரப்படறவங்க மேலதான் எனக்குச் சந்தேகம். மொதல்ல அந்த ஆளப் புடிக்கோணும்.”

“அவரு எங்க இருக்காருன்னு தெரியும்.”

“எப்படி?”

“அந்த ஃபைல்ல ‘சாப்பிட்டியா’க்குப் பின்னால ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்லுது. வள்ளியூர்னு கேக்கு.”

“எனக்குக் கேக்கலியே.”

“உங்களுக்குக் கேக்காதுக்கா. நான் போயிட்டு அங்கருந்தே கூப்பிடுதேன். இருந்தா அவரே பேசுவாரு.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்பு வந்தது. ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடைக்கு மேல் மாடி அறை. மனுவேலின் வலது காதுக்குப் பின்னால் ரூபாய் அகலத்துக்கு முடி இல்லாத இடம். பல வருஷம் காந்தம் ஒட்டியிருந்த இடம். காந்தம் இல்லை. தமீம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனை இருவர் முகத்துக்கும் நேரே பிடித்தான். வசந்தாமணி பேசுவது அதில் எழுத்தாக ஓடியது. மனுவேல் படித்துப் படித்துப் பதில் சொன்னார். தன் குரல் தனக்கே கேட்காதவர் பேசுகிற ஒரே மட்டக் குரல்.

“தமீம் கதையெல்லாம் சொன்னான்மா. அந்தப் பிள்ளைக்குக் கால் போனதுக்கு நாந்தான் காரணம். அத ஒத்துக்கிட்டுத்தான் பேசுதேன்.”

“அளந்ததையெல்லாம் எங்க அனுப்புனீங்க?”

“எங்கயும் இல்ல. அளக்கும், முள்ள எடுக்கும், மறந்துரும். வார்த்தையத் தொடாது. ‘செத்துப் போ’ன்னு சொன்னா ‘செத்துப் போ’ன்னுதான் கேக்கும். ஆனா பிள்ளையக் கொஞ்சுத மாதிரிக் கேக்கும்.”

“எதுக்குங்க இப்படி ஒரு வேலை?”

“புகார் வந்துச்சும்மா.”

“என்ன புகார்?”

“கம்பெனி மூடின புதுசுல, மிச்சமிருந்த கருவிய வாங்கிக் காது வச்சிக்கிட்டவங்க எல்லாரும் ஒரே புகாரா அனுப்புவாங்க. ‘குரல் குத்துது.’ நானும் கருவியில கரகரப்பு இருக்கும்னு தேடுதேன், தேடுதேன், ஒண்ணும் இல்ல. அப்புறம் கூப்பிட்டு விசாரிச்சேன். மிக்ஸி குத்துதாம்மான்னு கேட்டா, இல்லைங்காங்க. பஸ் ஹாரன் குத்துதா? இல்ல. ‘வீட்டுக்காரர் குரல் மட்டும் குத்துது சார். மாமியார் குரல் மட்டும் குத்துது. மத்ததெல்லாம் நல்லாருக்கு, அத மட்டும் சரி பண்ணுங்க.’”

தமீம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கருவியில கோளாறே இல்லம்மா. கருவி உள்ளதத்தான் சொல்லிச்சி. வருசக்கணக்கா வாயசைப்பப் பாத்தே குடும்பம் நடத்தினவங்க, இத்தன நாளும் நம்மகிட்ட இந்தத் தொனியிலதான் பேசியிருக்காங்கன்னு அன்னைக்குத்தான் கேக்காங்க. சிலபேரு காதத் திருப்பியே குடுத்திட்டாங்க. எங்களுக்கு முன்ன இருந்ததே போதும்னு.”

“அதுக்கு நீங்க என்ன பண்ணியிருக்கோணும்? கோளாறு எங்க பக்கம் இல்லைன்னு எழுதியிருக்கோணும்.”

“ஏம்மா, நீயும் இந்த வேலதான பாக்க. புகார்னு ஒண்ணு திறந்து கெடந்தா நம்ம கை சும்மா இருக்குமா? சரி பண்ணி மூடணும். அதான நம்ம புத்தி. சரி பண்ணேன். எல்லாரும் நன்றி சொன்னாங்க. ‘இப்ப நல்லாருக்கு சார், வீட்டுலயும் நல்லாருக்கு.’ முள்வாங்கியச் சோதிக்க வச்ச அந்த ரெண்டு ‘சாப்பிட்டியா’வும் என் குரல்தான். முள்ளு வச்சிப் பேச எனக்கும் தெரியும்லா.”

“நல்லாருக்குன்னா அப்புறம் ஏன் உட்டுட்டுப் போனீங்க?”

அவர் காதுக்குப் பின்னால் அந்த முடியில்லாத இடத்தைத் தடவினார்.

“என் தங்கச்சி மக தினமும் சாப்பாடு கொண்டு வருவா. ‘மாமா, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க’ம்பா. கேக்க அவ்வளவு பிரியமா இருக்கும். ஒரு நாள் ஒரு நெனப்பு வந்துச்சி. பிரியமாச் சொல்லுதது அவளா, நான் எழுதின ப்ரோகிராமா? வந்த நெனப்பு போகலம்மா. கடைக்காரன் சிரிச்சிப் பேசினா சந்தேகம். பாதர் ஆசீர்வாதம் பண்ணாச் சந்தேகம். முள்வாங்கிய எடுத்துட்டுக் கேக்கப் பயம். விட்டு வைக்கவும் முடியல. காதையே கழட்டி வச்சிட்டேன். காது இல்லாதவன் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு எழுதினதும் நாந்தான. ஒதுங்கிட்டேன்.”

“எடுத்திருவோம்க்கா,” என்றான் தமீம், இந்தப் பக்கம் திரும்பாமலே.

“இரு தம்பி. கத்தறத மட்டும் அப்படியே உட்டுட்டு, மத்ததுக்கு முள்வாங்கி இருக்கட்டும். அப்படிப் பண்ண முடியாதா?”

“பஸ் வருதுன்னு கத்துததும் பொண்டாட்டிய ஏசிக் கத்துததும் படத்துல ஒண்ணு போலத்தான் இருக்கும்மா,” என்றார் மனுவேல். “நான் முயற்சி பண்ணிட்டேன்.”

“அப்படீன்னா ஒரு சுவிட்சு வெப்போம். வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்.”

“வைக்கலாம். ஆனா சுவிட்ச் இருக்குன்னு சொல்லணும்லா? சொன்ன அன்னைக்கே எல்லாரும் என் கதிதான். போட்டு வச்சிருந்தாலும் நம்ப மாட்டாங்க.”

“சொல்லாம இருந்தா இன்னொருத்தருக்குக் காலு போகும்.”

“போகும்.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்று அடித்தார்கள். அந்தச் சத்தம் வசந்தாமணிக்குத் தெளிவாகக் கேட்டது.

“செரி. முள்வாங்கி இல்லாம நானே போட்டுப் பாக்கறேன். சட்டப்படி என்ற காதுல ஒரு நாள். எனக்கொண்ணும் பயமில்லீங்க. என்ற ஊட்டுல மாறறதுக்கு ஒண்ணுமில்ல. எங்க ஊட்டுக்காரரு ‘அம்மிணி’ங்காம என்னைக் கூப்புட்டதில்ல. வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. எங்க ஊரே அப்படித்தான், ஆனா அவரு அதுலயும் ஒரு படி மேல.”

தமீம் இப்போது திரும்பினான். ஏதோ சொல்ல வந்து, போனின் கண்ணாடியைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தான்.

“ஏன் தலையக் குனியற?”

“ஒண்ணுமில்லக்கா.”

“அன்னிக்கு அவரு காப்பி கேட்டத நீ ரெண்டு தடவை கேட்ட. எனக்கு முந்திக் கேட்டதே நீதான். என்ன கேட்டுச்சு உனக்கு?”

“காப்பின்னு கேட்டுச்சு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்க்கா.”

“உன்ற மொகத்தப் பாத்தா அவ்வளவுதான் மாதிரி இல்லியே.”

“என் காத வச்சி முடிவு பண்ணாதீங்க. சட்டத்துல அப்படி இல்ல.”

அன்று முழுக்க அவளுக்கு அவன் மேல் கோபமாக இருந்தது. வேண்டுமென்றே சந்தேகத்தை விதைத்துவிட்டுப் போகிறான். முள்வாங்கியை எடுக்க வைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி என்ன இருக்கிறது? சாயங்காலம் சென்னியப்பன் பட்டறையிலிருந்து வந்து, “என்னுங்க, இன்னைக்குச் சோறு உண்டுங்களா, இல்ல மீட்டிங் உண்டுங்களா?” என்று கேட்டார். எப்போதும் போல இனிமையாகத்தான் இருந்தது. எப்போதும் போல என்பதே அவளுக்கு முதன்முறையாக உறுத்தியது. கருவி வைத்துக் காது திரும்பிய இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட, ஒரு தலைவலி நாளில்கூட, அந்தக் குரல் ஏறி இறங்கியதில்லை. மனுஷக் குரல் அப்படி இருக்குமா? காய்ச்சலுக்கு முன்னால், காது இருந்த நாட்களில், அவள் அப்பா அவளை எவ்வளவு ஆசையாக வளர்த்தவர். அவர் குரல்கூடப் பரீட்சை ரிசல்ட் அன்று ஏறியிருக்கிறது.

சோறு பரிமாறும்போது அவர் வாயையே பார்த்தாள். மீசைக்குள் சிரிப்பு இருந்தது. சிரிப்புக்கு எத்தனையோ அர்த்தம்.

நிவேதாவுக்கு போன் போட்டாள்.

“சும்மாதான் கண்ணு. ஒண்ணு கேக்கோணும். அன்னிக்கு ஊருக்கு வந்திருந்தப்ப, ‘உனக்கு எப்படிம்மா சிரிப்பு வருது’ன்னு ஒருக்கா கேட்டியே, எதுக்குக் கேட்ட?”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

“எப்பம்மா?”

“உங்கப்பா என்னமோ சொன்னாரு, நான் சிரிச்சேன். நீ தட்ட வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்ட.”

“ஞாபகம் இல்லம்மா.”

மகளின் குரல் இதமாக இருந்தது. அதையும் நம்ப முடியவில்லை.

மறுநாள் சென்னியப்பன் பட்டறைக்குக் கிளம்பிய பிறகு, முள்வாங்கி இல்லாத தோட்டைத் தன் கருவிக்குள் ஏற்றினாள். மாட்டிக்கொண்டாள்.

குழாயில் தண்ணீர் விழுந்தது. அதே தண்ணீர். காக்கா கத்தியது. அதே காக்கா. எல்லாம் அப்படியே இருந்தது. சிரிப்பு வந்தது. இதற்குப் போய் இத்தனை பயமா?

பக்கத்து வீட்டில் ருக்மணியம்மாவும் அவர் மருமகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். தினமும் பேசுவார்கள். மாமியாரும் மருமகளும் இப்படிக் கொஞ்சிக்கொண்டு இருக்கிற வீட்டை எங்கே பார்ப்பது என்று வசந்தாமணி எல்லாரிடமும் சொல்வாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். “துணி காயப் போட்டாச்சா?” என்றார் ருக்மணியம்மா. “போட்டாச்சு அத்தை,” என்றாள் மருமகள். இரண்டே வாக்கியம்தான். வசந்தாமணி ஜன்னலைச் சாத்தினாள்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டாவது ‘சாப்பிட்டியா’வைப் போட்டாள். கை தானாகக் கருவியைக் கழற்றப் போனது. இன்னுமா தின்று முடிக்கவில்லை என்று அந்தக் குரல் கேட்டது. வார்த்தை மட்டும் சாப்பிட்டியா.

தமீமைக் கூப்பிட்டாள்.

“கேட்டுட்டேன். ரெண்டும் வேறதான்.”

“ம்.”

“உன்னைத் திட்டுனதுக்கு மனசுல வெச்சுக்காத.”

“இல்லக்கா.”

அவன் குரலில் களைப்பு இருந்தது, கொஞ்சம் பயமும். ஆனால் முள் இல்லை. முதன்முறையாக அவனை அவளால் நம்ப முடிந்தது.

“இனி என்ன பண்ணலாம்கற?” என்றாள். “மனுவேல் சொல்றது பொய்யில்ல தம்பி. எத்தன ஊட்டுல குடும்பம் ஓடறதே இதுனாலதான். நான் ஒரு வார்த்தை எழுதினா, ஒரே நாள்ல எல்லாக் காதுக்கும் போயிரும். பக்கத்து ஊட்டையே என்னால கேக்க முடியல, ஜன்னலச் சாத்திட்டேன். அவிய எதச் சாத்துவாங்க?”

“லாத்தாகிட்ட கேட்டேன்க்கா.”

“என்ன சொன்னா?”

“‘என் கால் போனதுகூடப் பரவால்ல. என்னைப் பாத்துக் கத்தினவங்க பூரா என்னைக் காப்பாத்தக் கத்தினாங்கல்லா. அது எனக்குக் கேக்கலியே’ன்னா.”

வசந்தாமணி அறிவிப்பை எழுத ஆரம்பித்தாள். முள்வாங்கி என்று ஒன்று இத்தனை நாள் இருந்தது. இப்போது எடுக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமென்பவர்கள் இந்த இடத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். என்ன செய்யும், எப்படிச் செய்யும், ஏன் வைக்கப்பட்டது, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினாள். கடைசியில் கையெழுத்து வரி. ‘என் காதில்’ என்று அடித்துவிட்டு நிறுத்தினாள்.

“என்னக்கா?”

“சட்டப்படி ஒரு நாள் ஆகோணுமல்லோ. ஊட்டுச் சத்தம் பூராவும் கேக்கோணும். இன்னும் ஒரு சத்தம் பாக்கி இருக்குது.”

“அக்கா, வேணும்னா மனுவேலண்ணன்கிட்டச் சொல்லி வேற யாராச்சும் தோடு போட்டவங்கள—”

“வேண்டாம். நீ லைன்லயே இரு.”

சாயங்காலம் பட்டறையில் அரவை நின்றது. செருப்புச் சத்தம் வந்தது, பின்னால் பையன்களின் சத்தம். அவள் வாசலுக்கு முதுகு காட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். மீசையையும் சிரிப்பையும் பார்க்க வேண்டாம். காது மட்டும் போதும்.

“என்னுங்க அம்மிணி,” என்றார் சென்னியப்பன். “ஊரு சனத்துக்கெல்லாம் காது செஞ்சு குடுத்து முடிச்சுட்டீங்கன்னா, ஊட்டுக்காரனுக்கு ஒரு வாய் காப்பி கெடைக்குமுங்களா?”

வார்த்தை ஒவ்வொன்றும் அதே வார்த்தை. ஒரு ‘ங்க’ குறையவில்லை. ‘அம்மிணி’ என்ற இடத்தில் அவளுக்குத் திரையில் பார்த்த அந்த இரண்டாவது படம் நினைவுக்கு வந்தது. பையன்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றும் தெரிந்தது. பழக்கத்தில் அவள் உதடும் சிரிக்கப் போய், பாதியில் நின்றது.

லைனில் தமீம் மூச்சுவிடுவது கேட்டது. இரண்டு சத்தம் ஒரே நேரத்தில் கேட்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முள்வாங்கி அளந்து முடிக்கும்வரைதான் இத்தனை நாளும் மற்ற குரல்களெல்லாம் வெளியே காத்துக் கிடந்திருக்கின்றன.

‘கேட்டேன்’ என்று அடித்து அனுப்பினாள்.

பிறகு நாற்காலியைத் திருப்பினாள். பையன்களைப் பார்த்து வெளியே போகச் சொல்லித் தலையசைத்தாள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, கணவரின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“அதையே இன்னொருக்கா சொல்லுங்க. எப்பவும் சொல்ற மாதிரியே.”